தங்கச்சி, கையை நீட்டு: பிள்ளைத்தாய்ச்சியும் பிரஷரும்

பூட்ஸின் சிப் ஏறவில்லை. ஜனவரி மாதம், ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை, 33 கிழமை வயிற்றோடு வாசலில் குந்தியிருந்து அந்தச் சிப்போடு மல்லுக்கட்டினேன். போன கிழமை சுகமாக ஏறின பூட்ஸ். மாமி எட்டிப் பார்த்துவிட்டு, “பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்கும்தானே, எனக்கு நாலு பிள்ளைக்கும் வீங்கினது” என்றா. நானும் நம்பி, இவருடைய பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அடுத்த இரண்டு நாளும் தலையிடி. கோடாலித் தைலம் பூசினேன், ரைலனோல் போட்டேன், திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தேன். மூன்றாம் நாள் காலை ஒரு வோக்-இன் கிளினிக்குக்குப் போனால், நித்திரை போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கையில் பட்டி சுற்றிப் பார்க்கவில்லை. பாருங்கள் என்று நானும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் வழமையான செக்கப் இருந்ததால் தப்பினேன். நேர்ஸ் பட்டியைச் சுற்றினா, காற்று இறங்கியது, எண்ணைப் பார்த்தா. ஒன்றும் பேசாமல் மற்றக் கையில் திரும்பவும் சுற்றினா. 164க்கு 108. அன்று நான் வீட்டுக்குத் திரும்பவில்லை.

இப்போது என் தங்கச்சிக்கு மூன்றாம் மாதம். அவளுக்கு போனில் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். வாசிக்கிற நீயும் எனக்குத் தங்கச்சிதான். நீ, நான் என்று எழுதுவதைப் பொறுத்துக்கொள். நான் டொக்டர் இல்லை, அடிபட்டவள். மருந்து விஷயம் முழுக்க உன் டொக்டரிடமோ மிட்வைஃபிடமோ கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

முதலில் எண்ணை மனப்பாடம் செய்

மேலே 140, கீழே 90. இரண்டில் ஒன்று தொட்டாலே கர்ப்பத்தில் அது உயர் இரத்த அழுத்தம். மேலே 160 அல்லது கீழே 110 என்றால் அவசரம். 15 நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு இன்னொரு தரம் பார். அப்போதும் அப்படியே என்றால் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பு. தலையிடியோ கண் மங்கலோ கூட இருந்தால் அந்த 15 நிமிடமும் வேண்டாம்.

பிள்ளை உண்டாக முன்னமே, அல்லது 20 கிழமைக்குள் பிரஷர் இருந்தால் அது பழைய பிரஷர். 20 கிழமைக்குப் பிறகு புதிதாக ஏறினால் கர்ப்பகாலப் பிரஷர். அதோடு சிறுநீரில் புரதம் போவது, ஈரல், சிறுநீரகம், இரத்தத் தட்டுகள், மூளை என்று ஏதாவது ஒன்றில் கோளாறு தெரிவது சேர்ந்துகொண்டால் அதற்குப் பெயர் பிரீஎக்லாம்ப்சியா. அது முற்றி வலிப்பு வந்தால் எக்லாம்ப்சியா. உலகத்தில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் எட்டுப் பேருக்குப் பிரீஎக்லாம்ப்சியா வருகிறது என்பது பொதுவான கணக்கு. நம் சொந்தக்காரர் நிறைந்த ஒரு கலியாண மண்டபத்தை நினைத்துப் பார், அதற்குள்ளேயே சில பேர் இருப்பார்கள். ஆனால் யாரும் சொல்வதில்லை. “பிரசவம் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு” என்று முடித்துவிடுவார்கள்.

உனக்கு ஏன் வந்தது என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஊறுகாய் சாப்பிட்டது, யோசித்தது, கண்ணூறு. அவர்களுக்கு இதைச் சொல்: சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பொஸ்ரனில் சிறுநீரக மருத்துவராக வேலை செய்த அனந்த் கருமாஞ்சியின் குழு 2003இல் ஒரு விஷயத்தைக் காட்டியது. நஞ்சுக்கொடி அளவுக்கு மிஞ்சி விடுகிற ஒரு புரதம் தாயின் இரத்தத்தில் கலந்து இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. அந்தப் புரதத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது. ஆக, கோளாறு தொடங்கும் இடம் நஞ்சுக்கொடி. உன் ஊறுகாய்ப் போத்தல் அல்ல.

உடம்பை நல்லபடி வைத்திருப்பவளுக்கு இது வராது என்றும் நினைக்காதே. ஒலிம்பிக் ஓட்ட வீராங்கனை அலிசன் ஃபீலிக்ஸுக்கு 2018இல் 32 கிழமையில் பிரீஎக்லாம்ப்சியாவால் அவசரச் சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். 2016 ரியோவில் அவரோடு சேர்ந்து ஓடித் தங்கம் வென்ற ரோரி போவி, 2023இல் எட்டு மாதக் கர்ப்பத்தோடு தன் வீட்டில் இறந்து கிடந்தார். அவருக்கு 32 வயது. எக்லாம்ப்சியாவும் காரணமாக இருந்திருக்கலாம் என்று பிரேத பரிசோதனை அறிக்கை சொன்னது.

வீட்டிலேயே பார், ஆனால் ஒழுங்காகப் பார்

ஊரில் என்றால் மருத்துவிச்சி அக்கா படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்ப்பா. ஒரு தவணை தப்பினால் தேடி வந்து ஏசுவா. இங்கே நாமாகத்தான் போக வேண்டும். பனி, பஸ், வேலை என்று ஒரு செக்கப்பைத் தள்ளிப்போட்டால் அந்த இடைவெளிக்குள்தான் இது ஏறும். அதனால் மேற்கையில் கட்டுகிற மெஷின் ஒன்று வாங்கு. மணிக்கட்டில் கட்டுகிறது வேண்டாம். ஹைப்பர்டென்ஷன் கனடா அமைப்பு பரிந்துரைக்கிற மெஷின்களின் பட்டியல் இருக்கிறது. கர்ப்பிணிகளில் சோதித்துப் பார்த்த மொடலா என்று ஃபார்மசிஸ்டைக் கேள்.

வாங்க முன் தையல் டேப்பால் மேற்கையின் சுற்றளவை அளந்துகொண்டு போ. பெட்டிக்குள் வருகிற பட்டி எல்லாக் கைக்கும் பொருந்தாது. கைக்குச் சிறிய பட்டி கட்டினால் இல்லாத பிரஷரையும் காட்டும். பெரிய பட்டி கட்டினால் இருக்கிற பிரஷரை மறைக்கும். முதல் முறை கிளினிக்குக்குப் போகும்போது மெஷினையும் கொண்டுபோய், அவர்களுடைய எண்ணோடு உன்னுடையதை ஒத்துப்பார்.

என் தங்கச்சி முதல் நாள் எப்படிப் பார்த்தாள் தெரியுமா? வீடியோ கோலில் என்னோடு கதைத்துக்கொண்டு, ஸ்வெற்றருக்கு மேலே பட்டியைக் கட்டி, கால் மேல் கால் போட்டு, தேத்தண்ணி குடித்த கையோடு. 148 காட்டியது என்று அழுதாள். போனை வை என்றேன். சிறுநீர் கழித்துவிட்டு வா. முதுகு சாயும் கதிரையில் இரு, காலைத் தரையில் வை, ஸ்வெற்றரைக் கழற்று, கையைச் சாப்பாட்டு மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு வை, ஐந்து நிமிடம் வாயைத் திறக்காதே என்றேன். 118 வந்தது. மெஷினில் பிழை இல்லை.

காலையும் இரவும் அதே கதிரையில் பார். எண்ணைத் தமிழ்க் கடைக் கலண்டரில் எழுது. எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் தொங்குகிற கலண்டரில் அமாவாசை, கிருத்திகை, கரிநாள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதிய எண்கள் இருக்கின்றன. போனில் பதிந்தால் நீ மட்டும் பார்ப்பாய். கலண்டரில் எழுதினால் வீடே பார்க்கும். “இண்டைக்கு ஏன் கூட?” என்று மாமி கேட்கத் தொடங்கினா, அதுவே பெரிய காவல். வீட்டில் 135/85ஐத் தாண்டத் தொடங்கினாலே அடுத்த செக்கப்வரை காத்திருக்காமல் போன் செய்து சொல்லிவிடு.

அஸ்பிரின் கேள்வியை 16 கிழமைக்குள் கேள்

இந்த ஒன்றைப் பிந்தவிடாதே. ஆபத்துக் கூடியவர்கள் சிறிய அளவு அஸ்பிரினை 16 கிழமைக்கு முன் தொடங்கினால் பிரீஎக்லாம்ப்சியா வரும் வாய்ப்புக் குறைகிறது. கனடாவின் மகப்பேற்று மருத்துவர்கள் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி, 81 அல்லது 162 மில்லிகிராம், இரவு படுக்கும்போது, 36 கிழமைவரை என்கிறது. 2017இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஆபத்துள்ளவர்கள் என்று சோதித்துப் பிரித்தெடுத்த பெண்களுக்கு 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 கிழமைக்கு முன் வருகிற பிரீஎக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதத்துக்கு இறங்கியது.

ஆபத்து யாருக்குக் கூட? முன் பிரசவத்தில் இது வந்தவள், ஏற்கனவே பிரஷரோ சீனி வருத்தமோ சிறுநீரக வருத்தமோ லூபஸோ இருப்பவள், வயிற்றில் இரட்டைப் பிள்ளை இருப்பவள், உடல் எடை கூடியவள், ஐவிஎஃப் செய்து உண்டானவள், நாற்பதைத் தொட்டவள். முதல் பிள்ளை என்பதும், அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தது என்பதும் கணக்கில் சேரும். என் தங்கச்சிக்கு இந்தக் கடைசி இரண்டும் உண்டு. அம்மாவிடம் போன் எடுத்துக் கேள், “என்னைப் பெறேக்க பிரஷர் இருந்ததோ?” என்று. நான் கேட்டது எல்லாம் முடிந்த பிறகு. “ஓம், எனக்கு வலிப்பு மாதிரி வந்துதான் நீ பிறந்தனீ” என்று அம்மா சாதாரணமாகச் சொன்னா. முப்பது வருடமாக யாரும் கேட்காத கேள்வி.

முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் பிறப்புக்கு முந்திய இரத்தப் பரிசோதனையில் நஞ்சுக்கொடியிலிருந்து வருகிற புரதங்களையும் அளக்கிறார்கள். அவை மிகக் குறைவாக வந்தால் அது எனக்கு என்ன சொல்கிறது என்று கேள். தேவைப்பட்டால் யுனிவர்சிற்றி அவெனியூவில் உள்ள மவுண்ட் சைனாய் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், அங்கே நஞ்சுக்கொடிக்கென்றே தனிக் கிளினிக் இருக்கிறது.

“வாய்வு” என்று ஏமாறாதே

நம் வீடுகளில் இந்த நோய்க்கு நல்ல மறைப்பு இருக்கிறது. ஒவ்வொரு அறிகுறிக்கும் நாம் வேறொரு பெயர் வைத்திருக்கிறோம். நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழேயோ இறுக்கிப் பிடித்தால் வாய்வு, காஸ்ரிக், இஞ்சித் தேத்தண்ணி குடி. அந்த இடத்தில்தான் ஈரல் இருக்கிறது. தலையிடி என்றால் பனிக்குளிர். கண்ணுக்கு முன் பூச்சி பறந்தால், மினுங்கினால் பசிமயக்கம். முகமும் கையும் திடீரென்று வீங்கினால் “பிள்ளைக்களை”. மூச்சு முட்டினால் வயிறு பெரிது.

கால் மட்டும் வீங்குவது பெரும்பாலும் ஒன்றுமில்லை என்பது உண்மைதான், மாமி சொன்னதில் பாதி சரி. காலையில் எழும்பும்போதே முகம் ஊதியிருப்பது, மோதிரம் கழலாமல் போவது, இரண்டு மூன்று நாளில் எடை மளமளவென்று ஏறுவது வேறு. குளிர்காலத்தில் கையுறை, தடித்த காலுறை, பூட்ஸ் என்று எல்லாவற்றையும் மூடித் திரிவதால் வீக்கம் கண்ணில் படாது. இரவில் ஒரு தரம் கையையும் காலையும் வெளிச்சத்தில் பார்.

ஆனால் நான் படித்த பாடம் வேறு. ஒரு அறிகுறியும் இல்லாமலே பிரஷர் ஏறும். எனக்குத் தலையிடி வந்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். ரைலனோலுக்கு அடங்காத தலையிடி என்றால் அடுத்த மருந்து மெஷின்தான், தைலம் அல்ல.

மருந்தும் சாப்பாடும்

“வயித்தில பிள்ளையோட மருந்தோ?” என்று யாராவது கேட்டால் பயப்படாதே. லபெற்றலோல், நிஃபெடிபின், மெதைல்டோபா மூன்றும் கர்ப்பிணிகளுக்குப் பல காலமாகக் கொடுக்கிற மருந்துகள். கனடாவிலிருந்து லோரா மகீ தலைமையில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், ஏறக்குறைய ஆயிரம் பெண்களைப் பார்த்தார்கள். கீழ் எண்ணை 85 அளவில் இறுக்கிக் கட்டுப்படுத்தியதால் பிள்ளைக்குக் கேடு கூடவில்லை. தாய்க்குக் கடுமையான பிரஷர் வருவது குறைந்தது. ஆனால் உனக்கு முன்பே பிரஷர் இருந்து ரமிப்ரில், பெரிண்டோப்ரில், லொசார்ட்டன் போல ஏதாவது குடித்துக்கொண்டிருந்தால், பிள்ளை உண்டான செய்தியை மாமியாருக்குச் சொல்ல முன் டொக்டருக்குச் சொல். அவை பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை, மாற்றித் தருவார்கள். நீயாக நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பதும் ஆபத்து.

உப்பில்லாத சோற்றைத் தின்று அழ வேண்டாம். உப்பைக் குறைத்தால் பிரீஎக்லாம்ப்சியா வராது என்பதற்கு ஆதாரமில்லை. பால், தயிர், நெத்தலி அதிகம் சேர்க்காதவள் என்றால் கல்சியம் வேண்டுமா என்று கேள், குறைவாக எடுப்பவர்களுக்கு அது உதவும். தடிமனுக்கு வீட்டில் அவிக்கும் கசாயத்தில் அதிமதுரம் போடாதே, அது பிரஷரை ஏற்றும். கடையில் வாங்கும் தடிமன் மருந்துகளில் மூக்கடைப்புக்குச் சேர்க்கிற சூடோஎஃபெட்ரினும் அப்படித்தான். நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்தால் மாறும் என்பதும் பழைய கதை. கிடந்தால் காலில் இரத்தம் கட்டும்.

கதவடியில் என்ன சொல்வது

உன் ஆஸ்பத்திரியில் 20 கிழமை தாண்டியவர்கள் எமர்ஜென்சிக்குப் போவதா, நேரே பிரசவப் பகுதிக்குப் போவதா, இரவில் எந்தக் கதவு திறந்திருக்கும் என்று இப்போதே கேட்டு எழுதி வை. போனதும் வரலாறு சொல்லாதே. “எனக்குச் சுகமில்லை, மூன்று நாளாய் ஒரு மாதிரி” என்று தொடங்கினால் கதிரையைக் காட்டுவார்கள். மூன்று விஷயம், இந்த வரிசையில்: எத்தனை கிழமை, பிரஷர் எத்தனை, என்ன செய்கிறது. “34 கிழமை, 162க்கு 106, தலையிடி, கண் மினுங்குது.” இங்கிலிஷ் வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேள். போன் மூலமாவது பிடித்துத் தருவார்கள். கணவர் மொழிபெயர்த்தால், பாவம், உன் நோவைத் தன் பயத்தோடு கலந்துதான் சொல்லுவார்.

போவதா வேண்டாமா என்று குழப்பம் என்றால் 811க்கு அடி. எந்த நேரமும் ஒரு நேர்ஸ் இருப்பார், மொழிபெயர்ப்பும் கேட்கலாம். வலிப்பு, மூச்சுத் திணறல், நெஞ்சுநோ என்றால் 911தான். புதிதாக வந்து ஓஹிப் என்ற சுகாதாரக் காப்புறுதிக் கார்ட் இல்லாதவள் என்றால் காசுக்குப் பயந்து செக்கப்பைத் தவிர்க்காதே. ஒன்ராறியோவில் வசிப்பவளுக்கு அந்தக் கார்ட் இல்லாவிட்டாலும் மிட்வைஃப் காசு வாங்காமல் பார்ப்பார். வேலையும் முடியவில்லை என்றால் ராஜினாமா எழுதாதே. டொக்டர் கடிதத்தோடு ஈஐ என்ற வேலைக் காப்புறுதியின் நோய்க்கால உதவியை 26 கிழமைவரை எடுக்கலாம், மகப்பேற்றுப் பணம் அதற்குப் பிறகு தனி.

என்னை மறித்த அன்றிரவு, வலிப்பு வராமல் இருக்க மக்னீசியம் சல்ஃபேட்டை நரம்பில் ஏற்றினார்கள். உடம்புக்குள் யாரோ வெந்நீர் ஊற்றினது மாதிரி உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை சூடு ஓடியது. நாக்குத் தடித்தது. மணிக்கொரு தரம் ஒரு நேர்ஸ் வந்து சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்த்தா. அந்தச் சூடு வந்தால் பயப்படாதே, யாரும் முன்னமே சொல்லாததால்தான் நான் கத்தினேன். பிள்ளையின் நுரையீரல் பலப்பட ஊசி போட்டு, நாலாம் நாள் மகளை எடுத்தார்கள். இரண்டு கிலோவும் இல்லை. இப்போது ஐந்து வயது, அவளே என் மெஷினின் பொத்தானை அமத்துவாள்.

முப்பத்தொன்று கழியும்வரை

“பிள்ளை பிறந்தால் எல்லாம் மாறிடும்” என்பது அரை உண்மை, அதுதான் கூட ஆபத்து. பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிரஷர் உச்சத்துக்குப் போகும். இங்கேயோ சுகப்பிரசவம் என்றால் ஓரிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆக, கூடிய ஆபத்தான நாட்களில் நீ ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டில் சரக்குத் தண்ணி குடித்துக்கொண்டு இருப்பாய். கர்ப்பத்தில் ஒரு நாளும் ஏறாதவளுக்கும் ஆறு கிழமைக்குள் புதிதாக வரலாம்.

நம் வீடுகளில் அந்த மாதம் எல்லாக் கண்ணும் பிள்ளையில். வருகிறவர்கள் பிள்ளையின் நிறத்தைப் பார்ப்பார்கள், மூக்கைப் பார்ப்பார்கள். தாய் தலையிடி என்றால் “நித்திரை இல்லைத்தானே” என்பார்கள். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை வாசல் தாண்டக்கூடாது என்று மறிப்பார்கள். சரக்குக்கறி வைத்துத் தரட்டும், மருந்துத் தண்ணி வார்க்கட்டும், அதெல்லாம் அன்பு, வாங்கிக்கொள். ஆனால் முதல் கிழமை செக்கப்புக்கு துடக்கோடு போ. வீட்டு மெஷினைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வை. தலைமாட்டுக்கு ஒரு ஆளை நியமி, அம்மாவோ கணவரோ. உன் பிரஷரைப் பார்ப்பது மட்டும்தான் அவருடைய வேலை. 911க்கு அடித்தால் முதல் வசனத்திலேயே “பத்து நாளைக்கு முன் பிள்ளை பெற்றவள்” என்று சொல்லச் சொல். வயிறு வற்றிய பெண்ணைப் பார்த்து யாருக்கும் இந்த நோய் நினைவுக்கு வராது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே குடிக்கக்கூடிய பிரஷர் மருந்துகள் இருக்கின்றன. பாலுக்குப் பயந்து மருந்தை மறைத்து வைக்காதே.

இன்னொன்று, பிரீஎக்லாம்ப்சியா வந்தவளுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சீனி வருத்தமும் நெஞ்சு வருத்தமும் ஏற்கனவே மலிந்த குடும்பங்கள் நம்முடையவை. பிரசவ டொக்டர் எழுதியது குடும்ப டொக்டரின் ஃபைலுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பாதே, நீயே வாயைத் திறந்து சொல். பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்கு மண்டபமும் கேக்கும் புக் பண்ணுகிற அதே கிழமையில், உன் பிரஷரும் சீனியும் கொலஸ்ட்ரோலும் பார்க்க ஒரு அப்பொயின்ற்மென்ற் எடு.